பெற்றோர் கூட வராமல் வெளிநாடு: பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கையைக் கடிக்காத வழிகள்

பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று பாஸ்போர்ட்டும் விசாவும் வைத்திருந்தால் திருச்சியில் விமானம் ஏறித் தனியாகவே சிங்கப்பூர் போய் இறங்கிவிடலாம். பெரும்பாலான விமான நிறுவனங்கள் பன்னிரண்டு வயது ஆகாதவர்களைத்தான் கட்டாயமாக ஊழியர் துணையோடு அனுப்புகின்றன. அதற்கு மேற்பட்ட வயதில் அந்தச் சேவை வேண்டுமா வேண்டாமா என்பது பெரும்பாலும் பெற்றோர் விருப்பம். சிக்கல் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. ஓட்டலில் அறை கேட்டால் பதினெட்டு முடிந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். முதுகுப்பை இளைஞர்கள் தங்கும் மலிவு ஹாஸ்டல்கள் பலவற்றிலும் அதே கேள்விதான். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனால் கையெழுத்துப் போட ஒரு பெரியவர் வேண்டும். கடன் அட்டை கிடையாது, ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திட முடியாது.

ஆகவே ‘குறைந்த செலவில் உலகம் சுற்றலாம்’ என்று யூடியூபில் சொல்லப்படும் யோசனைகளில் முக்கால்வாசி இந்த வயதுக்குப் பொருந்தாது. பண்ணையில் வேலை செய்து தங்குவது, முன்பின் தெரியாதவர் வீட்டில் படுத்துக்கொள்வது, ஆஸ்திரேலியாவின் வேலை விடுமுறை விசா எல்லாமே பதினெட்டு தாண்டியவர்களுக்கானவை. பள்ளி வயதில் செலவின் பெரும்பகுதி டிக்கெட்டில் இல்லை. பிள்ளை அங்கே யார் பொறுப்பில் இருக்கும், அந்தப் பொறுப்புக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. இதைப் பெற்றோர் பலர் கவனிப்பதே இல்லை. விமானக் கட்டணத்தை மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து ஐயாயிரம் ரூபாய் மிச்சம் பிடிப்பார்கள். பிறகு இரண்டு வார ‘கோடைகாலத் தலைமைப் பயிற்சி’க்கு லட்சக்கணக்கில் எடுத்துக் கொடுப்பார்கள்.

அந்த லட்சங்கள் எதற்கு என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். தங்குமிடம், மூன்று வேளைச் சாப்பாடு, இருபத்து நான்கு மணிநேரமும் தொலைபேசி எடுக்க ஓர் ஆள், கூட நடக்க ஓர் ஆள், காப்பீடு, அதன்மேல் நிறுவனத்தின் லாபம். இவற்றை வேறு யாராவது காசு வாங்காமல் தந்தால் பயணம் மலிவாகிவிடும். அப்படித் தருபவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறார்கள்.

விருந்தோம்பும் வீடு

ஏஎஃப்எஸ் என்ற அமைப்பு முதல் உலகப் போரின்போது பிரான்சில் காயம்பட்ட வீரர்களைத் தூக்கிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் குழு. இரண்டாம் உலகப் போரிலும் அவர்கள் ஓட்டினார்கள். இரண்டு போரையும் அருகிலிருந்து பார்த்த பிறகு, பள்ளிப் பிள்ளைகள் ஒருவர் நாட்டில் ஒருவர் போய், ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளையாக ஓராண்டு வாழ்ந்தால் அடுத்த போரைத் தடுக்க அது உதவும் என்று நம்பினார்கள். 1947-இல் மாணவர் பரிமாற்றம் தொடங்கியது. அந்த நம்பிக்கை பலித்ததா என்று வாதாடலாம். ஆனால் அவர்கள் கண்டெடுத்த ஏற்பாடு இன்றும் நிற்கிறது: விருந்தோம்பும் குடும்பம் காசு வாங்காது, பிள்ளை உள்ளூர்ப் பள்ளிக்குப் போகும், அமைப்பு நடுவில் நின்று பொறுப்பேற்கும்.

அமெரிக்க அரசு இந்த ஏற்பாட்டைச் சட்டத்திலேயே வைத்திருக்கிறது. பரிமாற்ற மாணவர்களுக்கான ஜே-1 விசாவில் பள்ளிப் பிரிவு என்று ஒன்று உண்டு. வயது 15-க்கும் பதினெட்டரைக்கும் இடையில் இருக்க வேண்டும், அதிகபட்சம் ஓர் ஆண்டு, விருந்தோம்பும் குடும்பத்துக்குப் பணம் கொடுக்கக் கூடாது. அதே அரசுப் பள்ளியின் அதே பெஞ்சில் எஃப்-1 என்ற வழக்கமான மாணவர் விசாவில் போய் உட்காரும் மாணவர், பள்ளிக்கு ஆகும் முழுச் செலவையும் கட்டியாக வேண்டும். ஜே-1 மாணவரிடம் அரசுப் பள்ளிகள் பொதுவாகக் கட்டணம் கேட்பதில்லை. விசாவின் எழுத்து மாறினால் செலவு லட்சங்களில் மாறுகிறது. முகவரிடம் போகும் பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

நம் ஊர்ப் பெற்றோருக்கு எட்டும் தூரத்தில் இருப்பது ரோட்டரி. தாலுகா தலைநகரில்கூட ரோட்டரி சங்கத்தின் பெயர்ப்பலகை இருக்கும். கண் மருத்துவ முகாம் நடத்துவார்கள் என்பதோடு பலருக்கு அறிமுகம் முடிந்துவிடும். 15 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்கு ரோட்டரி இளைஞர் பரிமாற்றம் என்று ஒன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. பெற்றோர் ரோட்டரி உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. நீண்டகாலப் பரிமாற்றம் என்றால் ஒரு கல்வியாண்டு. பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களில் மாறி மாறித் தங்குவார்கள். குறுகியகாலம் என்றால் சில நாள் முதல் மூன்று மாதம் வரை. தங்குமிடமும் சாப்பாடும் விருந்தோம்பும் குடும்பத்தைச் சேர்ந்தது. விமானச் சீட்டு, காப்பீடு, விசா, கைச்செலவு நம் பொறுப்பு. நீண்டகால மாணவருக்கு அங்குள்ள சங்கம் மாதாமாதம் சிறு கைச்செலவுத் தொகையும் கொடுக்கும்.

அந்த மாணவர்களை எளிதில் அடையாளம் காணலாம். ஒரு கோட்டு போட்டிருப்பார்கள். அதன் மேல் துணியே தெரியாத அளவுக்கு பேட்ஜுகள் குத்தியிருக்கும். பிரேசில்காரப் பிள்ளை தன் நாட்டு பேட்ஜைத் தந்து தைவான் பிள்ளையிடம் ஒன்று வாங்கும். ஆண்டு முடிவில் அந்தக் கோட்டு இரும்புபோல் கனக்கும். விதிகளும் கறார்: வண்டி ஓட்டக் கூடாது, மது கூடாது, போதைப் பொருள் கூடாது, காதல் கூடாது. நான்கில் ஒன்றை மீறினாலும் வீட்டுக்கு அனுப்பப்படும் வாய்ப்பு உண்டு. ‘அந்த ஊருக்குப் போனால் கெட்டுப்போவான்’ என்று பயப்படும் தாத்தா பாட்டிக்கு இந்த விதிப் பட்டியலைப் படித்துக் காட்டலாம்.

இதில் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பரிமாற்றம் என்றால் இங்கிருந்து ஒரு பிள்ளை போவதுபோல் அங்கிருந்தும் ஒரு பிள்ளை வர வேண்டும். குறுகியகாலப் பரிமாற்றத்தில் பெரும்பாலும் குடும்பத்துக்குக் குடும்பம்: உங்கள் மகள் அவர்கள் வீட்டில் மூன்று வாரம், அவர்கள் மகள் உங்கள் வீட்டில் மூன்று வாரம். ஒற்றைப் படுக்கையறை வாடகை வீட்டில் நான்கு பேர் வாழும் குடும்பம் இந்த இடத்தில் தயங்கி ஒதுங்கிக்கொள்கிறது. ஆங்கில நேர்காணல், விமானச் செலவு இரண்டும் சேர்ந்தால், நம் ஊரில் இந்த வாய்ப்பு ஏற்கெனவே வசதியுள்ள வீடுகளுக்குள்ளேயே சுற்றுவது புரியும். சங்கங்கள் நினைத்தால் இதை மாற்ற முடியும். ஆண்டுக்கு ஓர் அரசுப் பள்ளி மாணவரின் டிக்கெட்டை ஒரு மாவட்டத்துச் சங்கங்கள் பகிர்ந்துகொள்வது அவர்களுக்குப் பெரிய சுமையாக இருக்காது. பதிலுக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளையை ஓர் உறுப்பினர் வீடே ஏற்றுக்கொள்ளலாம். இதைக் கேட்டு வாங்கும் குரல் பள்ளிகளிலிருந்து எழ வேண்டும்.

செலவே இல்லாத இடங்கள்

மொத்தச் செலவையும் இன்னொருவர் ஏற்கும் திட்டங்களும் இருக்கின்றன. போட்டி கடுமை, இடம் குறைவு. ஆனாலும் விண்ணப்பிக்கப் பெரிதாகக் காசு ஆகாது.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் கென்னடி–லூகர் திட்டம் 2002-இல் தொடங்கியது. முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பள்ளி மாணவர்களை ஓராண்டு அமெரிக்கக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைப்பது அதன் நோக்கம். இந்தியாவும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இங்கே ஏஎஃப்எஸ் இந்தியா தேர்வு நடத்தி வந்தது. டிக்கெட், விசா, காப்பீடு, கைச்செலவு எல்லாம் திட்டத்திலேயே அடக்கம். 2025-இல் அமெரிக்க அரசு பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியைத் திடீரென்று நிறுத்திவைத்ததால் இதை நம்பியே உட்கார்ந்திருக்க முடியாது. அந்தந்த ஆண்டு விண்ணப்பம் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதைவிட நம் அரசுப் பள்ளிகளுக்கு நெருக்கமானது ஜப்பான். ஜப்பான் அறிவியல் தொழில்நுட்ப முகமை 2014 முதல் சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டத்தை நடத்துகிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சுமார் ஒரு வாரம் ஜப்பானில் ஆய்வகங்களையும் பல்கலைக்கழகங்களையும் பார்க்கிறார்கள், செலவு ஜப்பானுடையது. இதற்குத் தனியாக விண்ணப்பம் போட முடியாது. மத்திய அரசின் துறைகள்தான் பெயர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. அந்தத் தேர்வுக்குள் நுழையும் வாசல்களில் ஒன்று இன்ஸ்பயர்-மானக் விருது. பள்ளி மாணவர்கள் தங்கள் சுற்றுப்புறத்தில் பார்த்த ஒரு பிரச்சினைக்குத் தீர்வாக ஒரு யோசனை எழுத வேண்டும். மாதிரி செய்து பார்க்கத் தேர்வான யோசனைக்கு 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று மேலே போனவர்களில் சிலர் சகுரா வழியாக ஜப்பான் போயிருக்கிறார்கள்.

அந்த யோசனையை மாணவர் நேரடியாகப் பதிவேற்ற முடியாது. பள்ளிதான் தன் கடவுச்சொல்லோடு ‘ஈ-மியாஸ்’ தளத்தில் நுழைந்து, ஐந்து யோசனைகள் வரை பரிந்துரைக்க வேண்டும். ஆக, ஜப்பான் பயணத்தின் முதல் படி தலைமையாசிரியர் அறைக் கணினியில் இருக்கிறது. எமிஸ் பதிவு, மதிய உணவுக் கணக்கு, தேர்வு வேலை என்று மூச்சு முட்டும் ஆசிரியருக்கு இது இன்னொரு படிவமாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை. பிள்ளையோ பெற்றோரோ கேட்டால் தவிர, கடைசித் தேதி சத்தமில்லாமல் கடந்துவிடும். ‘சார், இந்த வருஷம் நம்ம ஸ்கூல்ல இருந்து மானக்குக்கு யார் பேரு போகுது?’ என்று ஜூலையிலேயே யாராவது கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் சில ஆண்டுகளாகப் போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களை வெளிநாடு அழைத்துப் போகிறது. 2022-இல் ஒரு குழு ஷார்ஜா புத்தகக் கண்காட்சிக்குப் போய்வந்தது. கலைத் திருவிழாவில் வென்றவர்களுக்கும் வெளிநாட்டுப் பயணம் பரிசாக அறிவிக்கப்பட்டது. அதுவரை மாவட்ட எல்லையைத் தாண்டாத பிள்ளைக்கு விமான நிலையத்தில் தன் பெயர் அச்சடித்த சீட்டு கையில் வருகிறது. நான்கு நாள் பயணம் என்று அதைக் குறைத்து மதிப்பிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டாவது முறை பயணம் போகும் துணிச்சல் அந்த முதல் முறையில்தான் பிறக்கிறது.

என்சிசி-யில் இருப்பவர்களுக்கு இளைஞர் பரிமாற்றத் திட்டம் உண்டு. டெல்லி குடியரசு தின முகாம் வரை போய்த் தேறும் கேடட்டுகளிலிருந்து நட்பு நாடுகளுக்கு அனுப்பத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரும்பாலும் மேல்நிலை, கல்லூரி வயதினர். கணிதத்திலோ அறிவியலிலோ அசாத்தியத் திறமை இருந்தால் ஒலிம்பியாட் என்ற சர்வதேசப் போட்டி இருக்கிறது: மும்பை ஹோமி பாபா மையம் தேர்ந்தெடுக்கும் கணித அணியில் ஆறு பேர், வேதியியலில் நால்வர். அரசு செலவில் போவார்கள். நாடு முழுவதற்கும் ஆறு பேர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

யூடபிள்யூசி (யுனைடெட் வேர்ல்ட் காலேஜஸ்) என்ற பள்ளிகள் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. 1962-இல் வேல்ஸில் ஒரு கோட்டைக்குள் தொடங்கிய அட்லாண்டிக் கல்லூரியில் பிறந்த இயக்கம் இது. இன்று 18 பள்ளிகள், நான்கு கண்டங்களில். நார்வேயில் கடலோரத்தில் ஒன்று, போர் பிளந்த பாஸ்னியாவின் மோஸ்தார் நகரில் ஒன்று, ஆர்மீனியாவில் ஒன்று, புனே அருகே 1997 முதல் ஒன்று. பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கும் இரண்டாண்டு ஐபி என்ற சர்வதேசப் பாடத்திட்டம். விண்ணப்பத்தை எந்தப் பள்ளிக்கும் நேராகப் போடுவதைவிட, ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தேசியக் குழு மூலம் போடுவதே வழக்கமான வழி. பத்தாம் வகுப்பிலோ பதினொன்றிலோ இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மதிப்பெண் ஒரு பகுதிதான். ஆர்வம், சேவை, மற்றவர்களோடு பழகும் விதம் என்று பலதையும் பார்க்கிறார்கள். உதவித்தொகை குடும்ப வருமானத்தைப் பொறுத்தது. வசதியில்லாதவருக்கு முழுச் செலவும் கிடைக்கலாம், வசதியுள்ளவர் முழுக் கட்டணமும் கட்ட வேண்டி வரலாம். முடித்தவர்களுக்கு அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் டேவிஸ் உதவித்தொகை என்று ஒரு கதவும் திறக்கிறது. இரண்டு வாரச் சுற்றுலாவுக்கு மூன்று லட்சம் கட்டத் தயாராக இருக்கும் வீடு, இரண்டாண்டுப் படிப்புக்கான இந்த விண்ணப்பத்தை ஒரு முறையாவது போட்டுப் பார்க்கலாம்.

சாரணர் ஜம்போரியிலிருந்து ஒரு பாடம்

உலகச் சாரணர் ஜம்போரி என்ற பெருமுகாம் நான்காண்டுக்கு ஒரு முறை வரும். 14 முதல் 17 வயது வரை கலந்துகொள்ளலாம். அடுத்தது 2027-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில். கூடாரத்தில் தங்கல், குழுவாகச் சமையல். நாட்டின் பொருளாதார நிலையைப் பொறுத்துக் கட்டணத்தை நான்கு அடுக்காகப் பிரிக்கிறார்கள். ஏழை நாட்டுப் பிள்ளைகளின் பங்கைப் பணக்கார நாட்டுப் பிள்ளைகள் கொஞ்சம் சுமக்கிறார்கள். நம் பள்ளியில் பாரத சாரண சாரணியர் அணி பெயரளவுக்கு இல்லாமல் உண்மையாகவே நடந்தால் இது எட்டாத கனி இல்லை.

2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமங்கமில் நடந்ததையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். கடலை நிரப்பி உருவாக்கிய, மரநிழலே இல்லாத நிலத்தில் பல்லாயிரம் பிள்ளைகள் கூடாரம் போட்டிருந்தார்கள். கடும் வெயிலில் நூற்றுக்கணக்கானோர் மயங்கினார்கள், கழிப்பறை வசதி போதவில்லை. பிரிட்டன் அணி நடுவிலேயே தன் பிள்ளைகள் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோரை சியோல் ஓட்டல்களுக்கு மாற்றியது; அமெரிக்க அணியும் வெளியேறியது. பிறகு கனூன் சூறாவளி வருகிறது என்றதும் எல்லோரையுமே அப்புறப்படுத்தினார்கள். ஏற்பாட்டாளர்கள் தவறியபோது, அணித் தலைவர்கள் யாரிடமும் அனுமதிக்குக் காத்திராமல் முடிவெடுத்து, அமைப்பின் பணத்தையே செலவழித்துப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். பொறுப்பு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். எந்தத் திட்டத்திலும் பணம் கட்டும் முன், ‘நிலைமை கெட்டால் முடிவெடுப்பவர் யார், அந்தச் செலவு யாருடையது?’ என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும்.

சித்தி வீடும் எல்லை தாண்டிய ரயிலும்

தமிழ்க் குடும்பங்களுக்கு யாரும் திட்டம் என்று பெயர் வைக்காத ஒரு வழி தலைமுறைகளாக இருக்கிறது. சிங்கப்பூரிலோ கோலாலம்பூரிலோ ஒரு சித்தி, ஒரு பெரியப்பா மகன். முழுப் பரீட்சை லீவில் அங்கே ஒரு மாதம். விருந்தோம்பும் குடும்பம் என்று ஏஎஃப்எஸ் 1947-இல் கண்டெடுத்ததை நம் சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்து வீடுகள் சொல்லாமலே செய்து வந்திருக்கின்றன. மலேசியா 2023 டிசம்பர் முதல் இந்தியர்களை 30 நாள் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது; சலுகையைத் தவணை தவணையாகத்தான் நீட்டிக்கிறார்கள் என்பதால் டிக்கெட் போடும் முன் நிலவரம் பார்க்க வேண்டும். போவதற்கு மூன்று நாளுக்குள் மின்னணு வருகை அட்டை நிரப்ப வேண்டும். சிங்கப்பூருக்கு விசா தேவை. அங்கும் வருகை அட்டை உண்டு, அதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்கும் தளம் எதுவாக இருந்தாலும் அது அரசுத் தளம் இல்லை.

உறவினர் வீட்டுக்குப் போகும் பிள்ளையை அங்கே வெறுமனே டிவி முன்னால் உட்காரவைத்துவிடாமல், பொது நூலகம், அருங்காட்சியகம், பேருந்து என்று தானாகப் போய்வர விட்டால் அதுவே நல்ல பயிற்சி. நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலும் இப்போது இருக்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணிநேரக் கடல் பயணம். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் நிறுத்திவிடுவார்கள்.

ஆசிரியரோடு குழுவாகப் போவதென்றால் நேபாளத்தை மிஞ்ச ஆளில்லை. விசா வேண்டாம். 15 முதல் 18 வயது மாணவர்கள் பள்ளித் தலைமையாசிரியர் குறிப்பிட்ட படிவத்தில் தரும் அடையாளச் சான்றிதழோடு எல்லை கடக்கலாம், பாஸ்போர்ட்கூடக் கட்டாயமில்லை. ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் தமிழ்நாட்டின் வழியாகவே கோரக்பூர் போகிறது. அங்கிருந்து சோனௌலி எல்லைக்குச் சாலை வழி. ஒரு பள்ளி திட்டமிட்டால், ஊட்டி கொடைக்கானல் என்று ஆண்டுதோறும் போகும் சுற்றுலாவுக்குச் சற்றுக் கூடுதலான காசில் பிள்ளைகள் இன்னொரு நாட்டின் மண்ணில் நிற்பார்கள். குழுப் பயணம் என்றதும் நினைவுக்கு வருகிறது: இளைஞர் விடுதி என்ற ஏற்பாடே பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிறந்ததுதான். 1909-இல் ஜெர்மானிய ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மன் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது புயல்மழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்தங்கினார். விடுமுறையில் சும்மா கிடக்கும் வகுப்பறைகளில் பிள்ளைகள் படுத்துக்கொண்டால் என்ன என்று அன்று தோன்றியதுதான் உலகம் முழுக்கப் பரவியது. இன்றும் பல நாடுகளில் அந்த விடுதிகள் ஆசிரியரோடு வரும் பள்ளிக் குழுவை வரவேற்கின்றன.

ஐரோப்பாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் நிலைமை வேறு. எராஸ்மஸ் பிளஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டத்தில் இளைஞர் பரிமாற்றம் என்ற பிரிவு 13 வயதிலிருந்து 30 வரை. ஐந்து முதல் 21 நாள். தங்குமிடம், சாப்பாடு, பயணத்துக்கு ஒன்றியத்தின் பணம். விண்ணப்பிக்க வேண்டியது தனிநபர் இல்லை, அமைப்பு. பாரிஸில் ஒரு தமிழ்ப் பள்ளியும் ஒஸ்லோவில் ஒரு தமிழ் இளைஞர் மன்றமும் சேர்ந்து விண்ணப்பித்தால் தடை எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, ஆண்டுவிழா என்பதோடு நின்றுவிடும் நம் அமைப்புகள் இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. பதினெட்டு வயதில் இருப்பவர்களுக்கு டிஸ்கவர்இயூ இருக்கிறது. 2018-இல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் ஐந்து கேள்வி வினாடி வினாவும் ஒரு கூடுதல் கேள்வியும் எழுதித் தேர்வானால், ஒரு மாதம் வரை ஐரோப்பாவைச் சுற்ற ரயில் பாஸ் இலவசம். அந்நாடுகளின் குடியுரிமையோ சட்டபூர்வ வசிப்புரிமையோ இருந்தால் போதும்.

காகிதங்கள்

சிறாருக்கான பாஸ்போர்ட் கட்டணம் 1,000 ரூபாய். ஐந்தாண்டு அல்லது பதினெட்டு வயது, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். 15 முதல் 18-க்குள் இருப்பவர்கள் 1,500 ரூபாய் கட்டிப் பத்தாண்டுப் பாஸ்போர்ட்டே வாங்கிக்கொள்ளலாம். பதினாறு வயதில் விண்ணப்பிப்பவர்களுக்கு இதுவே லாபம். இரண்டு பெற்றோரும் சம்மத உறுதிமொழி தர வேண்டும். அப்பா வளைகுடாவில் இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். இதற்கே சில வாரம் ஓடிவிடும்.

தமிழ்ப் பெயர்களுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. மதிப்பெண் சான்றிதழில் ‘எஸ். கவிதா’, ஆதாரில் ‘கவிதா எஸ்’. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது. விரித்து எழுத வேண்டும். குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டு ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியவர்கள் பின்னால் தவிக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர்ப் பயணிகளுக்குக் கட்டுப்பாடு விதித்திருக்கிறது. பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியல் தயாராகும் முன்பே பெயரை எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி ஆக்கிவிடுவது நல்லது.

பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற சம்மதக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் பாஸ்போர்ட் நகல், அங்கே வரவேற்பவரின் முகவரியும் கைபேசி எண்ணும்: இந்த நான்கும் ஒரு கவரில் பிள்ளையின் கைப்பையில் இருக்க வேண்டும், செக்-இன் பெட்டியில் இல்லை. தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகள் தனியாக வரும் சிறாரிடம் இவற்றைக் கட்டாயமாகக் கேட்கும்.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா பற்றி ஒரு தகவல். கட்டணம் 90 யூரோ. பன்னிரண்டு வயது நிரம்பியதும் முழுக் கட்டணம்தான். ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ போகும் பள்ளி மாணவர்களுக்கும் கூட வரும் ஆசிரியர்களுக்கும் அந்தக் கட்டணத்தை விதியே விலக்குகிறது. லாப நோக்கமற்ற அமைப்புகள் நடத்தும் கருத்தரங்கு, விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளுக்கு அத்தகைய அமைப்பின் பிரதிநிதியாகப் போகும் 25 வயது வரையானவர்களுக்கும் அப்படியே. விண்ணப்பம் வாங்கும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் மட்டும் தனி. அழைப்புக் கடிதத்தில் நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும், நாமாகக் கேட்கவும் வேண்டும்.

‘உங்கள் பிள்ளை தேர்வாகிவிட்டார்’

பள்ளி வழியாக ஒரு பளபளப்பான கடிதம் வரும். உலகத் தலைமை மாநாடு, மாதிரி ஐநா சபை, நியூயார்க்கிலோ ஜெனீவாவிலோ. ‘மிகச் சிலரில் ஒருவராக உங்கள் மகன் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்.’ தேர்வே எழுதாமல் தேர்வானது எப்படி என்று மகிழ்ச்சியில் யாரும் கேட்பதில்லை. இரண்டாம் பக்கத்தில் கட்டணம் இருக்கும். இவற்றில் பல சட்டபூர்வமான வியாபாரம்தான். பிள்ளை பத்திரமாகப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடும். ஆனால் கல்லூரிச் சேர்க்கையில் பெரிய மதிப்பு உண்டு என்று சொல்லி விற்பது நியாயமில்லை. அதற்காக நகையை அடகு வைக்கும் வீடுகளை நினைத்தால் வயிறு எரிகிறது. பணத்தைத் திருப்பித் தரும் விதி எழுத்தில் இல்லாவிட்டால், பிள்ளைகளோடு வரும் பெரியவர் யார் என்று பெயர் சொல்லாவிட்டால், இன்று மாலைக்குள் கட்டினால் தள்ளுபடி என்று அவசரப்படுத்தினால் ஒதுங்கிவிட வேண்டும்.

கடைசியாக, பெண் பிள்ளைகள். மகனை அனுப்பத் தயாராக இருக்கும் வீடு மகளுக்கு வாய்ப்பு வந்ததும் பின்வாங்குவதைப் பல குடும்பங்களில் பார்க்கிறேன். பயத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பயத்துக்குப் பதில் தேடும் வழிகள் இருக்கின்றன. விருந்தோம்பும் வீட்டாரின் பின்னணி சரிபார்க்கப்பட்டதா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், தனி அறை உண்டா, பிடிக்கவில்லை என்றால் எத்தனை நாளில் வேறு வீட்டுக்கு மாற்றுவார்கள், குடும்பத்துக்கு வெளியே அவள் கூப்பிடக்கூடிய உள்ளூர்ப் பெண் ஒருவர் யார் என்று அமைப்பிடம் கேட்கலாம். நல்ல அமைப்பு இவற்றுக்குத் தயங்காமல் பதில் சொல்லும். கூடவே, போன ஆண்டு மகளை அனுப்பிய ஓர் அம்மாவோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். ரோட்டரியிலும் ஏஎஃப்எஸ்ஸிலும் போய்வந்த மாணவர்களின் வட்டம் இருக்கிறது, தொடர்பு ஏற்படுத்தித் தருவார்கள். மகளை விட்டு அந்த அம்மா முதல் மாதத்தை எப்படிக் கழித்தார், அவள் எப்போது அழுது போன் செய்தாள், யார் போய்ப் பார்த்தார்கள் என்பதை அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.